லைனில் இருப்பது யார்

நீலத்தில் பொடிப்பொடியாய் வெள்ளைப் பூ. தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்ததிலிருந்து பாக்கியநாதன் தன் போனில் பார்த்துக்கொண்டிருப்பது இதை மட்டும்தான். அம்மாவின் பழைய வாயில் ரகப் புடவை. பாளையங்கோட்டை முதியோர் இல்லத்தில் அவள் அறை அலமாரிக்கு மேலே, அவனே முன்னால் நின்று மாட்டவைத்த காமிராவின் முகத்தில், அந்தப் புடவையில் கிழித்த ஒரு துண்டு தொங்குகிறது. துணிக்குப் பின்னால் அம்மா இருக்கிறாள். சேலை மாற்றிக்கொண்டிருப்பாள், அல்லது படுத்திருப்பாள், அல்லது, வேண்டாம், அந்த அல்லதுக்கு அப்பால் போகக் கூடாது, போனால் குளியலறைத் தரை வரும், ஈரம் வரும், டம்ளர் சத்தம் வரும். பூவையே பார்க்கலாம். ஒரு பூ லேசாக அசைந்த மாதிரி இருந்தது. மின்விசிறிக் காற்றுதான். மின்விசிறி ஓடினால் அதைப் போட்டவள் நடமாடுகிறாள் என்றுதானே அர்த்தம், இல்லை, காலையிலேயே போட்டிருக்கலாம், போட்டுவிட்டு விழுந்திருக்கலாம். ஒரு கிழிசல் துணியை வைத்துக்கொண்டு இப்படி ஜோசியம் பார்ப்பவன் வேறு யாராவதாக இருந்தால் பாக்கியநாதனே வாய்விட்டுச் சிரித்திருப்பான். தனக்கென்று வரும்போது தெரிகிறது. காலையில் இல்லத்து வார்டன் ரோஸ்லின் கூப்பிட்டிருந்தாள். "சார், ஒங்க அம்மா மறுபடியும் துணியப் போட்டுட்டாங்க. கம்பு முனையில மாட்டி, எக்கி நின்னுல்லா போடுதாங்க. அதுல விழுந்தா யாரு பதில் சொல்லது? அது மட்டுமா, துணி இல்லாத நேரத்துல காமிராவப் பாத்துப் பேசுதாங்க சார். 'யாரு லைன்ல, லைன்ல இருக்கது யாரு'ன்னு அதட்டுதாங்க. பழைய டெலிபோன் ஆபீஸ்லயே இருக்கதா நெனப்பு. மறதி நோய்க்கு இதுதான் மொத அடையாளம்னு டாக்டர் சொல்லுதாரு. உள்வார்டுக்கு மாத்திருவோம். அங்க காமிரா சீலிங்ல, கைக்கு எட்டாது. கதவுக்குக் கொண்டி கிடையாது, பாத்ரூம்லயும் பார்வை உண்டு. நீங்க சரின்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். மத்தியானச் சாப்பாடு முடிஞ்சு கூப்பிடுதேன்." ரோஸ்லின் கெட்டவள் இல்லை. அவள் குரலில் இருந்தது பயம். அது அவனிடமும் இருக்கிற பயம்தான்.

ரயில் குரோம்பேட்டையைத் தாண்டியிருந்தது. சரி என்று சொல்லிவிட்டால் என்ன. ஒரு வார்த்தை. ராத்திரி தூக்கம் வரும். சாப்பிடும்போது சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் போனை நிறுத்தி வைக்க வேண்டியதில்லை. போன வருஷம் அவள் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பை நகர்த்த முடியாமல் கிடந்தபோது, கைக்கு எட்டிய எவர்சில்வர் டம்ளரால் தரையைத் தட்டிக்கொண்டே இருந்திருக்கிறாள். பக்கத்து அறைக்காரர் காது மெஷினைக் கழற்றி வைத்துவிட்டுத் தூங்கியிருக்கிறார். விடிந்து பால் கொண்டுவந்த பெண்தான் கண்டாள். ஆஸ்பத்திரியில் போய் நின்றவனிடம் அம்மா முதலில் சொன்னது, "டம்ளர் நெளிஞ்சி போச்சுடே, நல்ல டம்ளரு." தன் வலியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அன்றைக்கு முடிவு செய்தான் காமிரா வைப்பதென்று. சென்னைக்கு வா என்றால் வரமாட்டாள். மாடிப்படி ஏறுவேன் இறங்குவேன், ஆனால் கோயில் மணி கேட்காத ஊரில் இருக்கமாட்டேன் என்று ஒரே பிடிவாதம். காமிராவுக்கு மட்டும் மறுப்புச் சொல்லவில்லை. மாட்ட வந்த பையன் ஸ்டூலில் நின்றுகொண்டு விளக்கியதைக் கவனமாகக் கேட்டாள். "ஒங்க மகன் அங்க போன்ல தொறந்தா, இங்க இந்தப் பச்சை லைட்டு எரியும் பாட்டி." "அப்போ தொறக்காத நேரத்துல?" "எரியாது." "பேசினா?" "ரெண்டு பக்கமும் கேக்கும்." அவள் தலையை ஆட்டினாள், ஏதோ ஒப்பந்தம் முடிந்த மாதிரி. ரயிலேறக் கிளம்பிய பாக்கியநாதனிடம், "பாக்கதுன்னா குரல் குடுத்துட்டுப் பாருல," என்றாள். அவன் சிரித்துக்கொண்டே சரிம்மா என்றான். சென்னை வந்ததும் முதல் காரியமாக சத்தத்தை அடைத்து வைத்தான். அம்மா ஜெபிப்பதையும் இருமுவதையும் யாரோடோ சண்டை போடுவதையும் ஒட்டுக்கேட்பது மரியாதை இல்லை, பார்வை மட்டும் போதும் என்று அவனாக ஒரு நியாயம் கண்டுபிடித்துக்கொண்டான். இவ்வளவு நல்ல மகனாக இருப்பதில் அவனுக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

"இன்னா சார் அது, ஸ்க்ரீன் துணி வியாபாரமா?" பக்கத்துச் சீட்டுக்காரர் பல்லாவரத்தில் ஏறியவர், கையில் வெற்றிலைக்கட்டுப் பை, கழுத்து நீண்டு நீண்டு இவன் மடிவரைக்கும் வந்துவிட்டது. இல்லைங்க, எங்கம்மா ரூம், ஊர்ல ஹோம்ல இருக்காங்க என்று சொல்லியிருக்கவே வேண்டாம், சொன்னான். "அட, காமிராவா! நம்ம டீக்கடையிலயும் வெச்சிக்கீறேன் சார். மாஸ்டர் வடைய வாயில போட்டுக்கினே கல்லாவப் பாக்கறான், இங்க்ருந்தே ஒரு அதட்டு, தட்டுல வெச்சிட்டான். பாக்கறாங்கன்னு தெரிஞ்சாதான் சார் மனுஷன் ஒழுங்கா இருப்பான்." அம்மாவும் வடைமாஸ்டரும் ஒரே சட்டத்துக்குள் வந்துவிட்டார்கள். "எப்போ துணி போட்டாங்கன்னு தெரியலியா? பழசு ஓட்டிப் பாக்கலாமே சார், இத்தப் பாருங்க," என்று அந்த மனிதர் உதவி செய்கிற உற்சாகத்தில் தன் விரலை நீட்டிக் கண்ணாடியின் மேல் ஒரு இழுப்பு இழுத்தார். பூக்கள் மறைந்தன. அம்மா வந்தாள். கட்டிலில் உட்கார்ந்து தலையை விரித்துப்போட்டுச் சீவிக்கொண்டிருந்தாள். முந்தானை மடியில் கிடந்தது. நரைத்து மெலிந்த முடி ஒரு தோளில் வழிய, மறுபக்கம் கழுத்தெலும்பு தெரிந்தது. முடியை விரித்துப்போட்ட அம்மாவை அவன் பார்த்ததே இல்லை, அப்பா இறந்த அன்றுகூடக் கொண்டை கலையவில்லை. எதிரே கம்பியைப் பிடித்து நின்ற கல்லூரிப் பையன் ஒருவன் குனிந்து பார்த்தான், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அந்தப் பையன் திரும்பிக்கொண்டதுதான் பாக்கியநாதனுக்குச் சுருக்கென்று தைத்தது. அம்மா நிமிர்ந்து நேராகக் காமிராவைப் பார்த்தாள். உதடு அசைந்தது. காத்திருந்தாள். மறுபடி அசைந்தது. பிறகு முந்தானையை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து, கம்பின் வளைவில் துணியை மாட்டி, ஒரு கையால் அலமாரியைப் பிடித்து, எக்கினாள். நீலம். பாக்கியநாதன் போனைச் சட்டையோடு சேர்த்து அமுக்கினான். "தங்கமாட்டம் இருக்காங்க சார், நல்லாத்தான் இருக்காங்க, கவலைப்படாதீங்க," என்றார் டீக்கடைக்காரர், மனதார.

யாரை நோவது. இழுத்த விரல் அவருடையது, ஆனால் கண்ணைக் கொண்டுபோய் அங்கே வைத்தவன் இவன்தான். ரயிலில் இருப்பவனெல்லாம் எட்டிப்பார்க்கிற மாதிரி மடியில் விரித்து வைத்திருந்தவன் இவன்தான். திரிசூலத்து மலை வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது, ஒரு விமானம் தலைக்குமேல் இறங்கியது, அந்த இரைச்சலில் ஒரு நிமிஷம் எதையும் நினைக்காமல் இருக்க முடிந்தது. இரைச்சல் போனதும் அந்த உதடு திரும்ப வந்துவிட்டது. யாரு லைன்ல. ஊரெல்லாம் டெலிபோனுக்கு எண்ணைச் சுழற்றினாலே போதும் என்று ஆவதற்கு முன்னால், அம்மா அந்த எக்ஸ்சேஞ்சில் போர்டுக்கு முன்னால் தலையில் ஹெட்போனோடு உட்கார்ந்த காலம். ஒரு விளக்கு எரிந்தால் யாரோ கூப்பிடுகிறார்கள். கயிற்றை எடுத்துச் செருகி இந்த வீட்டை அந்த வீட்டோடு சேர்க்க வேண்டும். சேர்த்த பிறகு கீ என்று ஒரு சின்ன விசை, அதைத் தள்ளினால் பேசுகிறவர்கள் குரல் கேட்கும், விட்டுவிட்டால் கேட்காது. அந்த ஊரின் பாதி ரகசியம் அம்மாவின் சுண்டுவிரல் நகர்வில் இருந்தது. தெருவில் விடுவார்களா. "ஏளா ஞானசௌந்தரி, டாக்டர் வீட்டுக் கல்யாணம் நின்னு போச்சாமே, ஒனக்குத் தெரியாதா?" அம்மா அரிசியைப் புடைத்துக்கொண்டே, "எனக்கு லைன்தான் தெரியும், விஷயம் தெரியாது," என்பாள். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். தன் காதை மூட அவளுக்கு ஒரு விரல் போதுமாக இருந்தது. சின்ன வயதில் பாக்கியநாதனுக்கு அது பெரிய ஏமாற்றம். எல்லார் வீட்டு அம்மாவுக்கும் ஏதாவது ஒரு கதை தெரிந்திருந்தது, இவளுக்கு மட்டும் ஒன்றும் தெரியவில்லை, மக்கு அம்மா என்றுகூட நினைத்திருக்கிறான். ஒருநாள் புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண் ஒருத்தி வீட்டுக்கு வந்து, யாரோ கணவன் மனைவி லைனில் சண்டை போட்டதை நடித்துக்காட்டிச் சிரிக்க ஆரம்பித்தாள். அம்மா காப்பியை அவள் முன்னால் வைத்தாள். "வெளக்கு எரிஞ்சா நாம கீயத் தொறக்கோம். தொறந்த ஒடனே குரல் குடுக்கணும். லைன்ல ஆபரேட்டர் இருக்கான்னு அவங்களுக்குத் தெரியணும். குரல் குடுக்காம லைன்ல நிக்கவ கள்ளி. காப்பி ஆறிரும், குடி." அந்தப் பெண் காப்பியைக் குடித்த வேகம் இப்போதும் நினைவிருக்கிறது.

அது பிறத்தியாருக்குச் சொன்னது. அவனுக்கே நடந்தது வேறு. பழவந்தாங்கலா, பரங்கிமலையா, ஏதோ ஒரு ஸ்டேஷனில் கூட்டம் இறங்கியது. கல்லூரி கடைசி வருஷத்தில், அவன் விரும்பிய ஹெலனுக்கு மதுரையில் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது என்று தெரிந்த அன்று, தபாலாபீசுக் கூண்டுக்குள் நின்று ட்ரங்க் கால் போட்டான். அம்மாவுக்கு அன்று காலை முறை, முடிந்து வீட்டுக்குப் போயிருப்பாள் என்று கணக்குப் போட்டுத்தான் போனான். யாருக்கோ காய்ச்சலென்று அவள் முறை மாற்றிக்கொண்டது அவனுக்கு எப்படித் தெரியும். காதில் வந்த குரலைக் கேட்டுக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "மதுரை வந்தாச்சு. பேசுங்க." பெற்ற மகனைப் பேசுங்க என்றாள். க்ளிக்கென்று ஒரு சின்னச் சத்தம், கீ மூடுகிற சத்தம். ஹெலன் என்ன சொன்னாள், இவன் என்ன சொன்னான், எல்லாம் அழிந்துபோய்விட்டது. அவள் அழுததும், பிறகு இவன் அழுததும் மட்டும்தான் இருக்கிறது. வாயைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருக்கும்போது மறுபடி அந்தக் க்ளிக். "மூணு நிமிஷம் ஆச்சு. நீட்டிக்கவா?" நீட்டிக்கச் சொல்லிப் பேசுகிறவர்கள் கேட்க வேண்டும், கேட்காவிட்டால் கயிற்றை உருவிவிட வேண்டும், அதுதான் விதி. வாயைப் பொத்திய கையை அவன் எடுக்கவில்லை. கம்பியில் கொஞ்ச நேரம் காற்று மட்டும் இருந்தது. "நீட்டிச்சிருக்கேன். பேசுங்க," என்றாள் அம்மா. க்ளிக். அன்று சாயங்காலம் அவன் வீட்டில் உட்கார்ந்திருந்தான். கேட்பாள், திட்டுவாள், குறைந்தது தலையையாவது தடவுவாள். அவள் செருப்பைக் கழற்றிப்போட்டு உள்ளே வந்து, "என்னல, வெளக்குமாற எங்கன வச்சே?" என்றாள். அவ்வளவுதான். அன்றைக்கும் இல்லை, அவன் வேறு பெண்ணைக் கட்டிக்கொண்ட அன்றைக்கும் இல்லை, இந்த நாள்வரைக்கும் இல்லை. பரிதாபப்பட்டு ஒரு பார்வை பார்த்திருந்தால்கூட, அவள் கேட்டுவிட்டாள் என்று ஆகியிருக்கும். அதைக்கூட அவள் அவனுக்குக் காட்டவில்லை. எத்தனையோ பெரிய மனிதர்களைப் பார்த்துவிட்டான், மேடையில் பேசுகிறவர்கள், பேர் வாங்கினவர்கள். அன்று சாயங்காலம் விளக்குமாறு கேட்ட அந்த மனுஷிக்கு ஈடாக ஒருவரையும் அவனால் வைக்க முடியவில்லை.

வெளக்கு எரிஞ்சா. கிண்டியில் ரயில் நின்றபோது அந்த இரண்டு வார்த்தை வந்து சிக்கிக்கொண்டது. வெளக்கு எரிஞ்சா நாம கீயத் தொறக்கோம். இந்தப் பச்சை லைட்டு எரியும் பாட்டி. எரிகிறது. அவன் போனைத் திறக்கும்போதெல்லாம் எரிகிறது, ஆபீசில் ரோஸ்லின் திறந்தால் எரிகிறது, டாக்டர் பார்த்தால் எரிகிறது. விளக்கு எரிகிறது, லைனில் யாரோ இருக்கிறார்கள், ஒருவரும் குரல் கொடுக்கவில்லை. அவள் என்ன கேட்பாள்? யாரு லைன்ல என்றுதான் கேட்பாள். வேறு எதைக் கேட்பது? கிறுக்கு பிடித்தால் அல்ல, புத்தி தெளிவாக இருந்தால் கேட்க வேண்டிய கேள்வி அது. கதவைத் திறந்துகொண்டு யாரோ வந்து பேசாமல் நின்றால் யாரது என்று கேட்கிறவர்களை உள்வார்டில் போடுவார்களா? போடலாம் என்று இவனும்தானே பாதி சம்மதித்து வைத்திருந்தான். ஆனால் இது அவனுக்குச் சௌகரியமான கதையாகவும் இருக்கலாமே. மகன்களுக்கு அம்மா தெளிவாக இருக்கிறாள் என்று நம்ப ஆசை. போன மாதம் பேரன் பெயரை மாற்றிச் சொன்னாளே. அவன் பெயரையும் ஒருதரம் அப்பா பெயர் சொல்லித்தானே கூப்பிட்டாள். டாக்டர் படித்தவர், தினமும் பார்க்கிறவர். இவன் ஒரு துணியைப் பார்த்துக்கொண்டு இருக்கிறவன். துணி! வாயில் துணி, மெல்லிசு, விளக்கு வைத்தால் மறுபக்கம் தெரியும். அப்படியென்றால் தாம்பரத்திலிருந்து இந்தப் பச்சைப் புள்ளி துணிக்குள்ளே எரிந்துகொண்டே இருக்கிறது, அவள் அந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருக்கிறாள். அடைத்து வைத்திருந்த சத்தத்தைத் திறந்தான். மின்விசிறி கேட்டது. காக்கை கேட்டது. பிறகு பேசுகிற பொத்தானை அமுக்கினான்.  

"அம்மா."

ஒன்றும் இல்லை. காக்கையும் நிறுத்திவிட்டது. டீக்கடைக்காரர் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்து வாசல் பக்கம் போய் நின்றார். சைதாப்பேட்டை பாலத்தில் ரயில் தடதடத்தது. ஈரத் தரை வந்தது, டம்ளர் வந்தது.

"அம்மா, நான் பாக்கியம்."

"தெரியுதுல்லா." கட்டில் கிறீச்சிட்டது. "எம்புட்டு நேரமா வெளக்கு எரியுது. நீதானா அது? ரயில்லயா வாரே, பாலத்துச் சத்தம் கேக்கு."

"ஆமாம்மா, சைதாப்பேட்டை. துணி போட்டிருந்துச்சா, பயந்துட்டேன்."

"பயந்தா கூப்பிட வேண்டியதான? வாய் இருக்குல்லா. ஒனக்கு ஒருதடவ சொன்னேன், சிரிச்சே. ஒரு மனுஷி சேல மாத்துதா, தல சீவுதா, எதிர வெளக்கு எரியுது, ஆளு யாருன்னு தெரியல. கேட்டா பதில் இல்ல. நான் என்ன செய்ய? துணியப் போட்டேன்."

"ரோஸ்லின் உள்வார்டுக்கு மாத்தணும்ங்கா. ஒனக்கு மறதின்னு..."

"மறதி கொஞ்சம் இருக்கு, இல்லன்னு சொல்லல. எம்பத்திரண்டு ஆகுதுல்லா. அதுக்காக நான் எப்பம் குளிக்கேன்னு ஊரு பாக்கணுமா?" குரல் உயரவில்லை. அரிசி புடைத்துக்கொண்டு பேசுகிற அதே குரல். "காமிரா வேண்டாங்கல பாக்கியம். நான் கெடந்த அன்னைக்கு அது இருந்திருந்தா நல்லாத்தான் இருந்திருக்கும். நீ பாரு, அந்தப் பிள்ளையும் பாக்கட்டும். தொறந்தா மொதல்ல குரல் குடுக்கணும். நான் வா-ன்னா பாரு, துணி கெடந்தா பேசிக்கிடுவோம். ரெண்டு தடவ கூப்பிட்டும் நான் பேசலன்னா ஆள அனுப்பு, கதவ ஒடைக்கச் சொல்லு. விழுந்து கெடக்கையில மானத்தப் பாக்க நான் என்ன கிறுக்கியா?"

"நீ எக்கி நின்னு போடுதியாம். அதுதான் அவளுக்கு பயம்."

"அது ஞாயம். கீழ எறக்கி வைக்கச் சொல்லு, கைக்கு எட்டுத மாதிரி. நானே மூடிக்கிடுதேன், நானே தொறக்கேன்."

"சொல்லிருதேம்மா. உள்வார்டு வேண்டாம்னு சொல்லிருதேன்."

"சொல்லு." கம்பு தரையில் தட்டுகிற சத்தம் நெருங்கி வந்தது. "இந்தா, பாத்துக்கோ." நீலம் ஒரு பக்கமாகச் சரிந்து விழுந்தது. அம்மா நின்றாள். கொண்டை போட்டிருந்தாள். முந்தானையை இழுத்துச் செருகி, மகன் வீட்டுக்கு வந்தால் வாசலில் எப்படி நிற்பாளோ அப்படி நின்றாள். கழுத்தெலும்பு தெரியவில்லை. கண்ணைச் சுருக்கிக்கொண்டு பச்சைப் புள்ளியைப் பார்த்தாள். அவள் பக்கத்தில் இவன் முகம் தெரியாது, புள்ளிதான் தெரியும். அதை நேராகப் பார்த்துச் சிரித்தாள்.

பாக்கியநாதனுக்குச் சொல்ல நிறைய இருந்தது. தபாலாபீசுக் கூண்டு இருந்தது, விளக்குமாறு இருந்தது. இத்தனை வருஷமும் அதற்கு நன்றி என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை என்பது இருந்தது. வாயைத் திறந்தான். வார்த்தைக்குப் பதில் மூச்சுதான் வந்தது. மாம்பலத்தில் கூட்டம் முட்டி மோதி ஏறியது, யாரோ காலை மிதித்தார்கள், அவன் போனை இரண்டு கையாலும் மறைத்து நெஞ்சருகே பிடித்துக்கொண்டான். போனின் மேல்பக்கம் ரோஸ்லினின் அழைப்பு வந்து மின்னியது. மின்னட்டும், அவளுக்குச் சொல்லவேண்டியது முடிவாகிவிட்டது. அம்மா காத்திருந்தாள். மூச்சுச் சத்தம் அவளுக்குக் கேட்டிருக்க வேண்டும். அந்தக் காது எதையும் விட்டதில்லை. அவள் கட்டிலுக்குத் திரும்பிப் போய் உட்கார்ந்து, மடித்த துணிகளில் ஒன்றை எடுத்து மறுபடி பிரித்து மடித்தாள். காமிராப் பக்கம் பார்க்கவில்லை. துணியை எடுத்து மூடவும் இல்லை.

"மூணு நிமிஷம் ஆச்சு," என்றாள், அந்தப் பழைய ஆபீஸ் குரலில்.

அவன் விரல் பேசுகிற பொத்தானின் மேலேயே இருந்தது.

"நீட்டிச்சிருக்கேன். பேசுங்க."